கிரேடு கூடினால் தூண் தாங்குமா?

"இ250 தகட்டுக்குப் பதிலா இ450 போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று பாக்ஸ் காலம் (நான்கு தகடுகளை மூலைகளில் வெல்டு செய்த பெட்டித் தூண்) பற்றிச் சைட்டில் சொல்வார்கள். இ-க்குப் பின்னுள்ள எண் ஈல்டு, அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, மெகாபாஸ்கலில். இழுவிசைக்கு அது சரி. நெடிய தூணோ ஈல்டு ஆவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும், அதாவது பக்ளிங். அதைத் தடுப்பது எஃகின் விறைப்பு. மீட்சிக் குணகம் எந்த கிரேடுக்கும் 2 லட்சம் மெகாபாஸ்கல்தான்.

300 × 300 மி.மீ. பாக்ஸ், 10 மி.மீ. தகடு, இரு முனையும் பின் (சுழலக்கூடிய இணைப்பு) என்று வைத்துக்கொள்வோம். இந்திய எஃகுக் கட்டுமான விதியான ஐஎஸ் 800:2007-இன் ‘பி’ பக்ளிங் வளைவுப்படி 6 மீட்டர் உயரத்தில் டிசைன் தகைவு (அனுமதிக்கப்படும் அழுத்தம்) இ250-க்குச் சுமார் 193, இ450-க்கு 305 மெகாபாஸ்கல். 12 மீட்டரில் 116, 135. ஈல்டு 80 சதவீதம் கூடியும் 12 மீட்டரில் கிடைப்பது 17 சதவீதம்தான்!

கிரேடைக் கூட்டியதால் தகட்டை 8 மி.மீ. ஆக்குவது அடுத்த தவறு. உள் அகலம் 284, அதை 8-ஆல் வகுத்தால் 35.5. இந்த அகலம்–தடிமன் விகிதத்துக்கு இ250-க்கு வரம்பு 42, தேறிவிடும். இ450-க்கு வரம்பு 31.3தான். ஈல்டை எட்டும் முன்பே தகடு உப்பிவிடலாம். முழு அகலத்தையும் கணக்கில் எடுக்க முடியாது.

இனி வெல்டிங். மூலை வெல்டு ஆறிச் சுருங்கும்போது அங்கே ஈல்டை ஒட்டிய இழுவிசை தங்கிவிடும். அதைச் சமன்செய்யத் தகட்டின் நடுப்பகுதி சுமை ஏறும் முன்பே அழுத்தத்தில் இருக்கும். இந்த அழுத்தம் ஈல்டு கூடும் அளவுக்குக் கூடுவதில்லை என்பதால் உயர்வலிமை எஃகுக்கு விகிதத்தில் பாதிப்பு குறைவு. ஐஎஸ் 800 அதற்குச் சலுகை தருவதில்லை. வெல்டு தடித்து, அகலம்–தடிமன் விகிதமும் 30-க்குள் இருந்தால், ‘பி’யைவிடக் குறைந்த தகைவு தரும் ‘சி’ வளைவு. நம் 10 மி.மீ. பாக்ஸின் விகிதம் 28. ஆக 6 மீட்டரில் அந்த 305, 280 ஆகிவிடும். "இருக்கட்டுமே" என்று டிராயிங்கில் இல்லாத ஒரு ரன் (வெல்டு அடுக்கு) ஓட்டுவது தூணுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

ஒரு பக்க மூலைகளை முதலில் முடித்தால் தூண் வாழைப்பழம்போல் வளையும். எதிரெதிர் மூலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். எல்லாம் ஆறியபின் அடுத்தடுத்த இரு முகங்களிலும் பியானோ கம்பி கட்டிப் பாருங்கள். வளைவு நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், 6 மீட்டருக்கு 6 மி.மீ.க்குள், இருக்க வேண்டும். பக்ளிங் வளைவுகள் அந்த அளவை வைத்துத்தான் வரையப்பட்டவை.

லோ ஹைட்ரஜன் ராடை (வெல்டிங் குச்சியை) ஓவனிலிருந்து எடுத்தே பயன்படுத்துங்கள். ஈரத்திலிருந்து வெல்டில் புகும் ஹைட்ரஜனால் வரும் விரிசல் தாமதமாகத்தான் திறக்கும். அல்ட்ராசோனிக் சோதனையை 48 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.