ஸ்கிரிப்ட் ஃபான்ட் ‘வரிவடிவ எழுத்துரு’ ஆகாது

பேனாவால் எழுதியதுபோல நெளிந்து ஓடும் எழுத்துருதான் ஸ்கிரிப்ட் ஃபான்ட். பெங்களூர் அவென்யூ ரோட்டுக் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் இந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. “பேரை மட்டும் ஸ்கிரிப்ட்ல போடுங்க” என்றால் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்குப் புரிந்துவிடும். சிக்கல் மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களிடம்தான். எழுத்துரு வகைப் பட்டியலில் ‘ஸ்கிரிப்ட்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘வரிவடிவம்’ என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ், கன்னடம், தேவநாகரி ஒவ்வொன்றும் ஒரு வரிவடிவம். எந்த எழுத்துருவும் ஏதாவது ஒரு வரிவடிவத்துக்கு உரியதுதான். அப்புறம் ‘வரிவடிவ எழுத்துரு’ என்று தனியாக எதைச் சொல்கிறார்கள்? அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளோடு எழுந்து போய்விட்டதன் விளைவு இது.

ஃபான்ட், உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈய அச்சுக் காலத்தின் மிச்சம். ஸ்கிரிப்ட், ‘எழுது’ என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. அச்சுத் தொழிலில் அதற்குக் குறுகிய பொருள்: பேனாவோ தூரிகையோ ஓடிய தடத்தைக் காட்டும் எழுத்து. அதில் நளினமான வகை, இறகுப் பேனாவால் எழுதிச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘ரவுண்ட் ஹேண்ட்’ என்ற ஆங்கில வட்டக் கையெழுத்துப் பாணியைப் பின்பற்றுவது. எழுத்துரு வடிவமைப்பாளர்களான மேத்யூ கார்ட்டரின் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், எட் பெங்கியாட் 1994இல் வரைந்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் இரண்டும் இந்தக் குடும்பம். கீழே இறங்கும் கோட்டில் முனை அழுந்திப் பருக்கும். மேலே ஏறும் கோடு மயிரிழையாகும்.

‘கையெழுத்து எழுத்துரு’ என்பது அடுத்த மொழிபெயர்ப்பு. எழுத்து, எழுத்து என்று இரண்டு முறை வருவதை விட்டுவிடலாம். பேங்கில் “கையெழுத்துப் போடுங்க” என்றால் யாரும் கட்டுரை எழுத உட்காருவதில்லை. அதோடு, குழந்தைக் கிறுக்கல் போன்ற உதிரி எழுத்துருக்களுக்கும் இதே பெயரைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

உண்மையான போட்டி ‘கூட்டெழுத்து’. நாலு கோட்டு நோட்டில் பிள்ளைகள் இங்கிலீஷைச் சேர்த்து எழுதுவதைப் பள்ளிகளில் இப்படித்தான் சொல்கிறார்கள்; பழகிய சொல்லை ஏன் மாற்றுவானேன் என்பது வாதம். பள்ளிக்குச் சரி. அச்சுக்கு வந்தால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. க்ஷ, ஸ்ரீ போல எழுத்துகள் ஒன்றாகி வேறு உருவம் பெறுவதே கூட்டெழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் துதிக்கை தூக்கி நின்ற ‘லை’, ‘னை’ வடிவங்களும் இந்த வகைக் கூடல்தான். ஆங்கிலத்தில் எஃப்பும் ஐயும் ஒரே அச்சாகும் லிகேச்சருக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஸ்கிரிப்ட்டில் நடப்பது வேறு: எழுத்து தன் உருவத்தை விடாது, அதன் வால் மட்டும் அடுத்ததைப் போய்த் தொடும். அதே ஃபான்ட்டுக்குள் லிகேச்சர்களும் இருக்கும். அப்போது மெனுவில் ‘கூட்டெழுத்து எழுத்துருவில் கூட்டெழுத்தை அணை’ என்றா எழுதுவது? போதாததற்கு, ஒன்றையொன்று தொடாத ஸ்கிரிப்ட்களும் உண்டு.

‘இழையெழுத்து’ என்பதே பொருந்தும். மயிரிழை என்ற சொல் கையிலேயே இருக்கிறது. இழைதல் என்றால் நெருங்கிக் கலந்து ஓடுவதும்தான். 1942இல் வந்த பிரஷ் ஸ்கிரிப்ட் போன்ற தடித்தவற்றில் இழை எங்கே என்று கேட்பார்கள். பெயர்ச்சொல்லாக எடுத்தால் இல்லை, வினையாக எடுத்தால் இருக்கிறது. வேண்டுமானால் ‘தூரிகை இழையெழுத்து’ என்று பிரித்துக்கொள்ளட்டும்.

இந்த இழைதான் அச்சில் பாடாய்ப் படுத்துவது. எழுத்துருவின் அளவை 1000 அலகாகப் பிரித்தால் அதில் 20 அலகு கனமுள்ள மயிரிழை, 12 புள்ளி (பாயின்ட்) அளவில் 0.24 புள்ளி, அதாவது 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் அடித்தால் அங்கங்கே விட்டுப்போகும். கரடுமுரடான கைத்தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தாலும் அறும். அதையே 36 புள்ளிக்கு ஏற்றினால் 0.72 புள்ளி, பிழைத்துக்கொள்ளும். எழுத்திடைவெளியைப் பூஜ்யத்திலேயே விட வேண்டும், கொஞ்சம் கூட்டினாலும் வால்கள் அறுந்து தொங்கும். பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக்கில் லேசர் வெட்டு என்றால் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் முதலில் வெல்டு செய்து எழுத்துகளை ஒரே உருவமாக ஒட்டியாக வேண்டும். மறந்தால் எழுத்துகள் மேல்விழும் இடங்களிலும் லேசர் வெட்டி, பெயர் துண்டு துண்டாகக் கையில் வரும்.

நம் கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் இரண்டு தொல்லை. ஒன்று இனிஷியல்: ‘கே. எஸ். ரேவதி’யை ஆங்கிலத்தில் அடித்தால் மூன்று பெரிய எழுத்தும் சுருளோடு வந்து, நடுவிலுள்ள புள்ளிகளை விழுங்கிவிடும். எழுத்துருவின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பேனலில் சுருளில்லாத மாற்று வடிவம் இருந்தால் அதை எடுக்கலாம், இல்லாவிட்டால் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் தள்ளலாம். மற்றது பட்டம். ‘எம்.பி.ஏ.’வை இழையெழுத்தில் முழுக்கப் பெரிய எழுத்தாகப் போட்டால் மாப்பிள்ளைக்கே படிக்க வராது. பட்டத்துக்குச் சாதா எழுத்துருதான்.

தமிழ்ப் பக்கத்துக்கும் இதே நளினம் வேண்டும் என்று கேட்டு, ஆங்கில அச்சைப் பார்த்துக் கனமும் மெலிவும் ஏற்றிய எழுத்துருக்களைப் போடுகிறார்கள். எழுத்தாணிக்கு அழுத்தினால் பருக்கும் முனை கிடையாது. ஓலையில் கீறிய கோடு ஒரே கனம். அதனால் தமிழ் இழையெழுத்து ஒரே கனத்தில் ஓடினால்தான் கண்ணில் உறுத்தாது. புள்ளியை மட்டும் தனியே கவனிக்க வேண்டும்: ‘ர்’ மேல் அது கோட்டின் கனத்துக்கே சிறுத்தால், ஃபாயிலில் முதலில் காணாமல் போவது அதுதான், அப்புறம் ‘கார்த்திக்’ ‘காரத்திக்’ ஆகிவிடுவார்.