‘அதெல்லாம் யூட்யூப்ல இருக்குமுங்க’: ரீலை எடைக்குப் போடுவதற்கு முன்

மறுபடியும் அதேதான். அட்டாலியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பெட்டி ஃபிலிம் ரீல் கிடைக்கிறது. கல்யாணம், குலதெய்வம் கோயில் பொங்கல், ஊட்டிப் பயணம் என்று எழுதியிருப்பவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து டிஜிட்டல் ஆக்க எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பெட்டியில் வேறென்ன இருந்தது என்று கேட்டால் பதில் இப்படி வருகிறது: “அப்புச்சி ஃபாரின்ல இருந்து வாங்கியாந்த பாக்ஸிங் ரீலு நாலஞ்சு இருந்துச்சுங்க. அதெல்லாம் யூட்யூப்ல இருக்குமுங்கன்னு பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டோம்.”

அந்த ‘நாலஞ்சு’தான் வயிற்றைக் கலக்குகிறது. காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்த ‘யூட்யூப்ல இருக்கும்’ விஷயம். கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என எந்த ஊர்க்காரர் வந்தாலும் இதையே சொல்கிறார்கள். புகழ்பெற்ற சண்டை என்றால் முழுதாக எங்கோ பத்திரமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அது தவறு. புகழுக்கும் ஃபிலிம் பிழைத்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

1894இல் எடிசனின் ஸ்டூடியோவில் லெனார்டும் குஷிங்கும் ஒரு நிமிட ரவுண்டுகளாக ஆறு ரவுண்டு மோதியதைப் படமெடுத்தார்கள். இன்று மிச்சம் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் சிட்டியில் கார்பெட்டும் ஃபிட்ஸிம்மன்ஸும் மோதினார்கள். ஈனக் ரெக்டர் என்பவர் மூன்று கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 63 எம்.எம். அகலமுள்ள ஃபிலிமில் சுமார் 11,000 அடி எடுத்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம் அது. உலகின் முதல் முழுநீளப் படம் என்றே பலர் அதைக் கணக்கில் வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய பெயர் பெற்ற படத்தில் இன்று கிடைப்பது துண்டு துண்டாக ஏறத்தாழ கால் பங்கு.

ஹாரி கிரெப் கதை இன்னும் மோசம். ஏறத்தாழ 300 சண்டை போட்டவர், மிடில்வெயிட் சாம்பியன். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னி தன் வாழ்நாளில் தோற்ற ஒரே சண்டை, 1922 மே 23 அன்று இவரிடம் தோற்றதுதான். கிரெப் பயிற்சி செய்யும் சில காட்சிகள் இருக்கின்றன. அவர் போட்ட சண்டைகளில் ஒன்றுகூட ஃபிலிமில் இருப்பதாக இன்று யாருக்கும் தெரியாது. சுகர் ரே ராபின்சனை எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் என்கிறோம். 1950களில் அவர் மிடில்வெயிட்டில் போட்ட சண்டைகள் டி.வி.யில் ஒளிபரப்பானவை. டி.வி. திரைக்கு எதிரே 16 எம்.எம். கேமராவை வைத்து அப்படியே பதிவு செய்துகொண்டார்கள், அதனால் பார்க்க முடிகிறது. அதற்கு முன் குறைந்த எடைப்பிரிவான வெல்டர்வெயிட்டில் அவர் உச்சத்தில் இருந்த காலத்துக்கு மிஞ்சியிருக்கும் காட்சிகள் மிகச் சொற்பம்.

தொலைந்ததற்கு ஒரே காரணம் கிடையாது. 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், வெள்ளையரான ஜெஃப்ரீஸை வீழ்த்திய படம் பல ஊர்களில் தடை செய்யப்பட்டது. 1912இல் சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதையே அமெரிக்கா குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1940 வரை இருந்தது. 1915இல் ஹவானாவில் ஜான்சன் வில்லர்டிடம் தோற்ற படத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவர முடியாமல், கனடா எல்லைக்கு அந்தப் பக்கம் புரொஜெக்டரை வைத்து ஓட்டி, இந்தப் பக்கம் கேமராவில் பிடித்துக் கடத்தப் பார்த்தார்கள். அந்தப் படமும் பல பத்தாண்டுகள் தொலைந்ததாகவே இருந்து பிறகுதான் கிடைத்தது. 1908இல் சிட்னியில் ஜான்சன் டாமி பர்ன்ஸை வென்றபோது 14ஆவது ரவுண்டில் போலீஸ் சண்டையை நிறுத்தியது, கேமராவையும் நிறுத்தச் சொன்னது. அந்தக் கடைசிக் கணம் எடுக்கப்படவே இல்லை, ஆகவே அதை யாரும் தேடிப் பயனில்லை. எடுக்கப்படாதது வேறு, எடுத்துத் தொலைத்தது வேறு. நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

தொலைந்தவை திரும்பக் கிடைத்தது எங்கிருந்து என்று பாருங்கள். ஜிம் ஜேக்கப்ஸ், பில் கேட்டன் என்ற இருவர் உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்த சண்டைப் படங்கள்தான் பின்னாளில் மிகப்பெரிய தொகுப்பாகி, 1998இல் ஈஎஸ்பிஎன் கைக்குப் போயின. அவர்கள் தேடியது பெரிய ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை, தனியாட்களிடமும்தான். சண்டைப் படங்களை வீட்டில் போட்டுப் பார்க்க 8 எம்.எம்., 16 எம்.எம். பிரிண்டாக விற்றார்கள். மில் வேலையாகவும் மெஷின் வாங்கவும் வெளிநாடு போன கோயமுத்தூர்க் குடும்பங்களில் சிலர் புரொஜெக்டரோடு அவற்றையும் வாங்கி வந்தார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இலேயே ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பி, 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டிய ஊர் இது. இங்கே வீட்டில் ரீல் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இப்போது அந்த ‘நாலஞ்சு’ கணக்கு. 15 ரவுண்டு சண்டை என்றால் ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவே ஒரு நிமிட இடைவேளை 14, ஆக 59 நிமிடம். 16 எம்.எம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேமில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 59 நிமிடத்துக்கு 2,124 அடி. 400 அடி ரீல் 11 நிமிடம் வரும், அப்படியானால் முழுச் சண்டைக்கு ஐந்து ஆறு ரீல் வேண்டும். கடையில் விற்ற சுருக்கப் பிரிண்ட் பெரும்பாலும் ஒற்றை ரீல்தான். ஒரே பெயர் எழுதிய 16 எம்.எம். ரீல்கள் நாலைந்து சேர்ந்து இருந்தால் அது சுருக்கம் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. யூட்யூபில் இருப்பது அநேகமாக அந்தச் சுருக்கம்தான். நாக்அவுட் ரவுண்டும் முன்னே பின்னே கொஞ்சமும். மேலே யாரோ பிற்காலத்தில் பேசிச் சேர்த்த வர்ணனை. ஓரம் வெட்டிய படம்.

நீளம் பார்க்க ரீலை ஓட்ட வேண்டாம், ஸ்கேலை வைத்து விட்டத்தை அளந்தால் போதும். 3 அங்குல ரீல் என்றால் 50 அடி, 5 அங்குலம் 200, 7 அங்குலம் 400.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘அந்தக் காலத்து ஆளுங்க பொம்மை மாதிரி குதிச்சுக் குதிச்சு அடிப்பாங்க’ என்று சிரிப்பவர்கள் பார்ப்பது தவறான வேகத்தில் ஏற்றிய காப்பியை. கையால் சுற்றிய கேமராவில் நொடிக்கு 16, 18 ஃபிரேம் எடுத்ததை 24இல் ஓட்டினால் யாரும் அப்படித்தான் குதிப்பார்கள். இது சிரிப்போடு போகிற விஷயமும் இல்லை. 1927 செப்டம்பர் 22 அன்று சிகாகோவில் ஏழாவது ரவுண்டில் டெம்ப்ஸி டன்னியை வீழ்த்தினார். டெம்ப்ஸி உடனே இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு (நியூட்ரல் கார்னர்) போகாததால் நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமானது. டன்னி ஏறத்தாழ 14 நொடி கீழே இருந்தார் என்பதை வைத்துத்தான் இன்றும் வாதம் நடக்கிறது. 18 ஃபிரேமில் எடுத்த ஒரு 14 நொடியை 24இல் ஓட்டிப் பாருங்கள், பத்தரை நொடி ஆகிவிடும். வாதமே தலைகீழ். நம் ஊர் டி.வி.யின் PAL முறைக்கு ஏற்றும்போது 24ஐ 25 ஆக்கிவிடுவார்கள், அதில் 3 நிமிட ரவுண்டு 172.8 நொடியாகச் சுருங்கும். சரியான வேகத்துக்குத் திரும்ப வேண்டுமானால் அசல் ரீல் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் காப்பி எடுத்த பிறகும் அசலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறோம்.

சிடியில் ஏற்றியாயிற்று, டிவிடியில் ஏற்றியாயிற்று என்கிறீர்கள். 2005 வாக்கில் சுவரில் புரொஜெக்டர் ஓட்டி, ஹேண்டிகேமில் பிடித்து, டிவிடியில் எரித்துக் கொடுத்த காப்பிகள் இப்போது வரிசையாகத் திரும்பி வருகின்றன, பாதி டிஸ்க் படிக்கவே மாட்டேன் என்கிறது. ரீல் வைத்திருப்பவர்களுக்கு மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்துவிடலாம். எடைக்குப் போட்டவர்களுக்குச் செய்து கொடுக்க எங்களிடம் எதுவும் கிடையாது.

ரீல் கிடைத்த அன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பழைய புரொஜெக்டரைத் தேடியெடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓட்டைகளைப் புரொஜெக்டரின் பல் கிழித்துக்கொண்டே போகும். சுருக்கம் பார்க்க வேண்டுமானால் புது ஃபிலிம் ஒன்றின் பக்கத்தில் வைத்து 100 ஃபிரேம் எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் அளவுக்குப் பின்தங்கினால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது, அதற்கு மேல் புரொஜெக்டர் பக்கமே போகக் கூடாது.

டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி மூக்கில் ஏறினால் அந்த ரீலை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் அது பரவும். அறைச் சூட்டில் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் ஆவி உள்ளேயே நின்று இன்னும் வேகமாகக் கெடுக்கும். ரீலின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கிறார்கள். பல சமயம் அது ஃபிலிம் வளைந்து கொடுக்கச் சேர்த்த இளக்கி வெளியே வந்து படிகமானது. எதுவானாலும் ஈரத்துணி, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்துருண்டை போடுவதையும் விட்டுவிடுங்கள், அதன் ஆவியும் ஃபிலிமுக்கு ஆகாது.

35 எம்.எம். ரீல், 1951க்கு முந்தையது என்று தோன்றினால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். தேன் நிறத்தில் பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகும் வகை. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் பெட்டகம் எரிந்து நம் நாட்டின் பழைய படங்கள் எத்தனையோ போயின. ஓரத்தில் ‘சேஃப்டி’ (எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம்) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நெகட்டிவின் ஓரத்தில் இருந்த எழுத்து பிரிண்டிலும் விழுந்திருக்கும். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கிறேன் என்று கிளம்பவே கூடாது. 8, 16 எம்.எம். பற்றி அந்தப் பயம் வேண்டாம். கோடாக் 1923இல் 16 எம்.எம்.மைக் கொண்டுவந்ததே சேஃப்டி ஃபிலிமாகத்தான்.

மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காதீர்கள். சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம் பெயர்ந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்குள் தெரிந்தவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

வைக்கிற இடம்: சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே அட்டாலி, தோட்டத்துச் சாளை, மோட்டார் ரூம் மூன்றும் கூடாது. கரூர், ஈரோடு கோடையில் ஷீட்டுக்கு அடியில் இருக்கும் சூடு ஃபிலிமுக்கு எமன். வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் ஈரம். வீட்டிலேயே குளிர்ந்த உள் அறையில், தரையை ஒட்டாத கீழ் அலமாரி நல்லது. வினிகர் நெடி வந்த ரீலை ஸ்கேன் ஆகும்வரை தள்ளிப்போட வேண்டுமானால், சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு ஜிப் கவருக்குள் மூடி ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். வீடியோ கேசட்டை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

கேசட் என்றதும் சொல்ல வேண்டியது. 90களில் கேபிளில் வந்த சண்டைகளையும், ஊர்க் கபடிப் போட்டிகளையும் வி.எச்.எஸ்.ஸில் பதிந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். முதுகுப் பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிடுங்கள், மேலே வேறு எதுவும் பதியாது. உடைத்த இடத்தில் செலோ டேப் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள். ஜன்னல் வழியே டேப் விளிம்பில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் பூஞ்சை. அதை வி.சி.ஆரில் போட்டால் ஹெட்டும் போகும், அடுத்துப் போடுகிற கேசட்டும் போகும்.

ஸ்கேன் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்: ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கிறீர்களா, சுவரில் ஓட்டிப் பிடிக்கிறீர்களா? 16 எம்.எம்.முக்கு 2கே (படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 2,000 புள்ளி) குறைந்தபட்சம். ஓட்டை வரை தெரிய முழு அகலத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். தரம் குறைக்காத ஃபைல் ஒன்று, பார்ப்பதற்கு எம்பி4 ஒன்று. கேசட் என்றால் நொடிக்கு 50 ஃபீல்டும் (ஃபீல்டு என்பது பாதி ஃபிரேம்) வேண்டும். 25 ஆக்கிக் கொடுத்தால் கை அசைவில் பாதி போய்விடும். ஏஐ வைத்து 60 ஃபிரேம் ஆக்கித் தருகிறோம் என்றால், அசல் வேகத்து ஃபைலும் தனியாகக் கொடுங்கள் என்று வற்புறுத்துங்கள். 16 ஃபிரேமில் ஒரு ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) இரண்டு மூன்று ஃபிரேமில் முடிந்துவிடும். நடுவில் இயந்திரம் வரைந்து சேர்க்கும் ஃபிரேமில் கையுறை கரைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அடி பட்டதா, நூலிழையில் தவறியதா என்று பார்க்கத்தானே அந்தப் படம்.

டப்பா, அட்டைப்பெட்டி, ஒட்டியிருக்கும் சீட்டு, உள்ளே மடித்த ரசீது எல்லாம் ரீலோடு சேர்ந்தே வரட்டும். எந்தச் சண்டை, எந்த வருடம் என்று கண்டுபிடிக்கப் பல நேரம் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கிறது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? நேற்றோ முந்தாநாளோ என்றால் இப்போதே கிளம்புங்கள். பழைய இரும்புக் கடையில் முதல் வேலையே தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பதுதான். டப்பா ஒரு குவியலுக்கும் ஃபிலிம் ஒரு சாக்குக்கும் போய்விட்டால் எது எதனுடையது என்று சேர்க்க முடியாது. வெள்ளி எடுக்க ஃபிலிம் வாங்குகிறவர் கைக்கு மாறிவிட்டால் அதுவும் இல்லை. போட்ட விலைக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுத்து, டப்பாவோடு திருப்பி வாங்கி வாருங்கள்.