பழைய வானாய்வகத்தைச் சுத்தம் பண்ணுவதற்கு முன்னால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வானாய்வகம் இருந்தது. யாரோ ஒரு ஆர்வலர் மொட்டை மாடியில் வைத்த தொலைநோக்கி இல்லை, சம்பளம் வாங்கும் வானியலாளரோடு நடந்த அரசாங்க வானாய்வகம். 1882 டிசம்பர் 6-ஆம் தேதி வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்றுதான் அவசர அவசரமாக எழுப்பினார்கள். கிரப் கம்பெனியின் 8 அங்குலத் தொலைநோக்கி. இங்கிலாந்திலிருந்து எட்மண்ட் நெவில் வந்து இறங்கியதே அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான். உள்ளூரில் பின்னால் நின்று ஆதரவு தேடிக் கொடுத்தவர் ஹாரி எஸ்கோம்ப். ஆமாம், காந்தி கதையில் வருகிற அதே எஸ்கோம்ப்தான், பிறகு நேட்டாலின் (டர்பனைச் சுற்றியிருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) பிரதமரும் ஆனவர். நெவில் ஆண்டுக்கணக்காகச் சந்திரனின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், காலனிக்கு நேரம் சொன்னதும் அங்கிருந்துதான். 1911-ல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு டர்பன்காரர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இருந்ததே ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

என் தொழில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காப்பது. குவாசுலு-நேட்டாலில் கோயில், பள்ளிக்கூடம், சர்க்கரை ஆலைக் குடியிருப்பு என்று எது வந்தாலும் பார்ப்பேன். இடையிடையே பழைய டோம்களும், அதாவது தொலைநோக்கிக்கு மேலே சுற்றும் கூரைகளும், வரும். நம் சனங்களிடம் இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: "அண்ணா, வெள்ளைக்காரன் தன் கப்பலுக்காகக் கட்டினது, நமக்கென்ன அதில?" நியாயமான கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். கப்பலுக்காகத்தான் கட்டினான். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று தெரிய துல்லியமான நேரம் வேண்டும், துறைமுகத்தில் கப்பல் கடிகாரத்தைச் சரிபார்க்க ஒரு வானாய்வகம் வேண்டும். 1860-ல் ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட சென்னையிலும் அப்படி ஒன்று இருந்தது, 1792-ல் கட்டியது. அதன் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்னமும் நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது, அதில் ஆங்கிலம், லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. நம்மைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கடல்வழி இந்த மாதிரி இடங்களின் கணக்கை நம்பி ஓடியது. பிடிக்கிறதோ இல்லையோ, நம் வரலாற்றிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. கேப் டவுனில் வானாய்வகம் நிற்கிற ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய் மக்களின் மேய்ச்சல் நிலம். அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

கட்டடம், கருவி, நோட்டு எல்லாம் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது என் வாதம். கேப் டவுன் வானாய்வகம் எப்படித் தப்பித்தது என்று பார்த்தால் அது புரியும். 1820-ல் தொடங்கி, முதன்மைக் கட்டடம் 1828-ல் முடிந்தது. முதல் வானியலாளர் ஃபேரன் ஃபாலோஸ் 1831-ல் இறந்து அந்த வளாகத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். அடுத்து வந்த தாமஸ் ஹென்டர்சன் ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தார், அதற்குள் ஆல்ஃபா சென்டாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடத் தேவையான அளவுகளை எடுத்துவிட்டார். 1839-ல்தான் முடிவை வெளியிட்டார், அதற்குள் ஜெர்மனியில் பெஸல் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொல்லி முந்திக்கொண்டார். பின்னாளில் அங்கே வானியலாளராக இருந்த டேவிட் கில் காலத்தில், 1882-ன் பெரிய வால்நட்சத்திரத்தைப் படம் பிடித்தபோது பின்னணியில் நட்சத்திரங்கள் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தனவாம். அந்தப் படத்திலிருந்துதான் புகைப்படத்தை வைத்தே தென்வானத்தின் நட்சத்திரப் பட்டியல் தயாரிக்கும் திட்டம் பிறந்தது. கேப் டவுனில் ஞாயிறும் விடுமுறையும் தவிர தினமும் பகல் 12 மணிக்குச் சிக்னல் ஹில்லில் பீரங்கி வெடிக்கிறதே, அதற்கும் சமிக்ஞை போவது இங்கிருந்துதான். 1972-லிருந்து அது தென்னாப்பிரிக்க வானாய்வகத்தின் தலைமையகம். தேசியப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது 2018-ல்தான், ஆனால் அறிவிப்பு வந்ததால் அது பிழைக்கவில்லை. ஒரு நாள்கூடப் பூட்டிப்போடாமல் யாராவது உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கட்டடம், கருவி, நோட்டுப்புத்தகம் எல்லாம் ஒரே வளாகத்தில் சேர்ந்தே கிடந்தன. அதனால் பிழைத்தது.

மற்ற இடங்களில் நடப்பது பாகப்பிரிவினை. லென்ஸ் ஒரு ஊருக்கு, குழாய் ஒரு அருங்காட்சியகத்துக்கு, நோட்டுகள் ஏதோ ஒரு நிலவறைக்கு, கட்டடம் அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் எது எதற்கு என்று சொல்ல ஆள் இருக்காது. ப்ளூம்ஃபொன்டைனில் நேவல் ஹில் மேலே மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்திய லமான்ட்-ஹஸ்ஸி வானாய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 27 அங்குலத் தொலைநோக்கியோடு 1928-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை இரட்டை நட்சத்திரங்களைத் தேடிய இடம், பிறகு நாடக அரங்கமானது, 2013-லிருந்து டிஜிட்டல் கோளரங்கம். பிள்ளைகள் வந்து வானத்தைப் பார்க்கிறார்கள், கட்டடத்துக்குக் கூரை ஒழுகாமல் இருக்கிறது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இது பாதி வெற்றி. உள்ளே நின்றால் இங்கே ஒரு மனிதன் விடிய விடியக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று புரியாது.

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வானாய்வகங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் புல்டோசரால் இல்லை, சுத்தம் பண்ணுகிறேன் என்று உள்ளே போகிற நல்ல மனிதர்களால்.

முதல் பலி அந்த இடைவெளி. தொலைநோக்கி நிற்கும் தூண் கட்டடத்தைத் தொடாது. கீழே பாறையிலிருந்தோ தனி அடித்தளத்திலிருந்தோ எழும்பி, தரைப்பலகை நடுவே ஒரு ஓட்டை வழியாக மேலே வரும். சுற்றிலும் ஒரு விரல் போகும் அளவுக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். நீங்கள் நடக்கும் அதிர்வு தூணுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான், அப்படிப் போனால் நட்சத்திரம் கண்ணுக்குள் நடுங்கும். நான் போன ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒப்பந்தக்காரர் அதை விரிசல் என்று நினைத்து சிமென்ட் போட்டு அடைத்து, மேலே டைல்ஸும் ஒட்டிவிட்டார், வேலை அவ்வளவு சுத்தம். அதை இயந்திரம் வைத்து உடைக்க முடியாது, தூண் அதிரும். உளியை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கவேண்டியதுதான். அதே மாதிரிதான் வடக்கு தெற்காகச் சுவரிலும் கூரையிலும் ஓடும் ஒடுக்கமான பிளவும். நட்சத்திரம் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோட்டை, கடக்கும் நேரத்தைக் குறித்தது அதன் வழியாகத்தான். மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று செங்கல் வைத்து மூடிவிடுவார்கள், மூடியபின் அந்த அறை ஒரு ஸ்டோர் ரூம், அவ்வளவுதான். அந்தப் பிளவுக்கு நேரே தூரத்தில், சிலவேளை வேலிக்கு அப்பால், திசை சரிபார்க்க ஒரு சிறிய கல் தூண் நட்டிருப்பார்கள். பக்கத்து நிலத்தில் வீடு கட்ட வருகிறவருக்கு அது வெறும் கல்.

இரண்டாவது, பித்தளை பாலீஷ். தயவுசெய்து வேண்டாம். தொலைநோக்கியின் பெரிய வட்டத் தட்டில் பாகை கலைகளைக் காட்டும் கோடுகளை அநேகமாக மெல்லிய வெள்ளிப் பட்டையில் கீறியிருப்பார்கள், உருப்பெருக்கி வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கருத்துப்போய் அழுக்காகத்தான் இருக்கும். திறப்பு விழாவுக்கு மினுமினுக்கவேண்டும் என்று பாலீஷ் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு கோடும் போய்விடும். தமிழ்நாட்டில் கும்பாபிஷேகத்துக்கு மணல் வீச்சு அடித்துச் சில கோயில்களில் கல்வெட்டு எழுத்தே மங்கிப்போனது போலத்தான் இதுவும். லென்ஸும் அப்படியே. டர்பன் ஈரக்காற்றில் அதற்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம், பார்த்தவுடன் கழற்றித் துடைக்கக் கை பரபரக்கும். பெரிய லென்ஸ் என்பது இரண்டு வகைக் கண்ணாடி, நடுவில் நகக்கண் அளவுக்கு மூன்று தகரத்தாள் துண்டுகள். அந்தத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்து எறிந்தவர்கள் உண்டு. அதோடு இரண்டு கண்ணாடிகளின் இடைவெளியும் கோணமும் போச்சு. கழற்றவே வேண்டாம், கட்டாயம் கழற்றத்தான் வேண்டும் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஏற்கெனவே குறி போட்டிருக்கிறதா என்று தேடுங்கள், படம் எடுங்கள், அப்புறம் ஒளியியல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

உடம்புக்கு ஆபத்தான விஷயமும் உண்டு. துல்லியமான கிடைமட்டம் வேண்டும் என்பதற்காகத் தட்டில் பாதரசம் ஊற்றி அதைக் கண்ணாடி போலப் பயன்படுத்தினார்கள். சிந்தினது தரைப்பலகைச் சந்துகளில் இன்னும் உருண்டு கிடக்கலாம். வாக்குவம் கிளீனர் போட்டால் அதன் ஆவி அறை முழுக்கப் பரவும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்வாக உரசித் தேய்க்கக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்யும் நாள் கொண்டாடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

டோமைப் பொறுத்தவரை என் ஆலோசனை ஒன்றுதான்: சுற்றிக்கொண்டே இருங்கள். நட்சத்திரம் பார்க்கிறீர்களோ இல்லையோ, மாதம் ஒருமுறையாவது முழுச் சுற்று சுற்றுங்கள். நிறுத்திவைத்தால் எடை ஒரே இடத்தில் உட்கார்ந்து சக்கரம் தடத்தில் பதிந்துவிடும், கடல்காற்றில் துரு வேறு, பிறகு ஒரு நாள் பலத்தைக் கொடுத்துத் தள்ளும்போது பல் உடையும். திறப்புக் கதவு இறுக மூடுகிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் புறா மட்டும் இல்லை, குரங்கும் குடிவந்துவிடும்.

இவ்வளவும் பார்க்கிற பொருள். என்னைக் கேட்டால் அதைவிட மதிப்பு அலமாரியில் இருக்கிற, வானத்தைப் புகைப்படம் பிடித்த கண்ணாடித் தகடுகளுக்கும் நோட்டுகளுக்கும்தான், முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தில் ராபர்ட் இன்னெஸ் 1915-ல் ப்ராக்ஸிமா சென்டாரியைக் கண்டுபிடித்தது புதிதாக வானத்தைப் பார்த்து இல்லை. சில வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒரு மங்கலான புள்ளி இடம் மாறியிருந்தது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரம் அது. பழைய தகடு தூக்கி எறியப்பட்டிருந்தால் புதிய தகடு வெறும் கண்ணாடி. இன்றும் ஒரு நட்சத்திரம் நூறு வருஷத்தில் மங்கியதா பிரகாசமானதா என்று கேட்டால், எந்தப் புதிய தொலைநோக்கியாலும் பதில் சொல்ல முடியாது, அந்தத் தகடுகளால்தான் முடியும்.

தகடுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், செங்குத்தாக நிறுத்துங்கள், அடியில் இருப்பது எடை தாங்காமல் நொறுங்கும். ஈரத்துணி கூடவே கூடாது, ஒரு பக்கம் முழுக்க ஜெலட்டின், ஊறி உரியும். கண்ணாடிப் பக்கத்தில் யாரோ மையால் போட்ட வட்டமும் அம்புக்குறியும் அழுக்கு இல்லை, ஒரு மனுஷி அல்லது மனுஷன் யோசித்த தடயம். காகித உறையையும் எறியவேண்டாம், தேதி அதில்தான் இருக்கும். நெருப்பை நினைத்துப் பாருங்கள்: 2021 ஏப்ரலில் மலைக்காட்டுத் தீ இறங்கி வந்து கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பு மண்டபத்தைத் தின்றது. 2003-ல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ராம்லோவில் தொலைநோக்கிகளே எரிந்துபோயின. ஸ்கேன் பண்ணி இன்னொரு ஊரில் ஒரு பிரதி வைப்பது ஆடம்பரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1999-ன் தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு: 60 வருஷத்தைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் மாகாணத்தில் அந்த அமைப்பின் பெயர் அமாஃபா, அவர்களிடம் போகவேண்டும். நம் பழைய கோயில்களுக்கும் இதே விதிதான், பல கமிட்டிகளுக்கு அதுவே தெரியாது என்பது வேறு கதை. ஆனால் ஓட்டை இங்கேதான் இருக்கிறது: அந்தப் பிரிவு சுவரைக் காக்கும், அலமாரிக்குள் இருப்பதைக் காக்காது. கருவியையும் தகடுகளையும் பாரம்பரியப் பொருளாகத் தனியே அறிவித்தால்தான் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு. அதனால் கட்டடத்துக்கு மனுப் போடும்போதே உள்ளே இருப்பதன் பட்டியலையும் படங்களோடு இணைத்துப் போடுங்கள், பின்னால் போடலாம் என்று விட்டால் அதற்குள் யாராவது ஒரு லாரி கொண்டுவந்துவிடுவார்கள்.

பள்ளி நிர்வாகத்தில், நகராட்சியில், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் இடத்தில் பூட்டிக் கிடக்கும் டோமோ, பெயர் தெரியாத பித்தளைக் கருவியோ, கண்ணாடித் தகடு நிறைந்த மரப்பெட்டியோ இருந்தால் எதையும் நகர்த்தாமல் இருக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். எந்த அறை, எந்தத் தட்டு, யாரிடம் சாவி என்று எழுதிவையுங்கள். அப்புறம் அமாஃபாவுக்கு ஒரு பிரதி, கேப் டவுன் வானாய்வகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.