நாமினி என்றால் பணம் உங்களுடையது என்று யார் சொன்னது?

போன வாரம் இன்னொரு குடும்பம் வந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம். தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர், நாற்பது வயதுக்குள் மாரடைப்பில் போய்விட்டார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. வங்கியில் போட்டிருந்த டெபாசிட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் பெயரை நாமினியாகக் கொடுத்தவர், அப்புறம் மாற்றவே இல்லை. அண்ணன் இறப்புச் சான்றிதழைக் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டார். கேட்கப் போன தம்பி மனைவியிடம், “பேரு என் பேருதானே இருக்கு, இதுல நீ என்னம்மா கேக்குற?” என்றாராம். அந்தப் பெண்ணும் அதுதான் சட்டம் என்று நம்பி இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார்.

கடலூரில் சிவில் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் நான். ஆள்தான் மாறுகிறார்கள், வசனம் மாறுவதில்லை. இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த அண்ணன் திருடர் இல்லை. தனக்கு உரிமை இருக்கிறது என்று மனதார நம்புகிறார். படித்தவர்கள், ஆசிரியர்கள், ஏன், வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூட என் எதிரில் உட்கார்ந்து இதையே வாதாடுகிறார்கள்.

ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வாங்கியவர் அதை வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். பந்தியில் சாம்பார் வாளி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சாம்பார் முழுவதும் சொந்தம் என்று யாராவது சொல்வோமா?

இது என் சொந்தக் கருத்தும் இல்லை, புதுச் சட்டமும் இல்லை. 1984லேயே சர்பதி தேவி வழக்கில், காப்பீட்டுப் பணத்தைப் பெறும் நாமினி அதற்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010ல் வங்கி டெபாசிட்டுக்கும் அதையே சொன்னது. கம்பெனிப் பங்குகள் (ஷேர்) வேறு கதை என்று சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அதுவும் முடிந்தது. கம்பெனிச் சட்டத்தில் நாமினி என்று இருப்பதால் மட்டும் பங்குகள் அவருக்குச் சொந்தமாகிவிடாது. இதற்கு மேலும் “இல்ல சார், பாரத்துல கையெழுத்து இருக்கு” என்றால் நான் என்ன செய்வது?

சரி, யாருக்குத்தான் போகும்? உயில் இருந்தால் உயில்படி. இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டப்படி. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தானே சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். அம்மாவுக்குப் பங்கு உண்டு என்பதை மருமகள்கள் மறக்கிறார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்கும் உண்டு என்பதை எல்லாருமே மறக்கிறார்கள். அப்பாவுக்கு இந்த முதல் வரிசையில் இடம் கிடையாது. நான் மேலே சொன்ன குடும்பத்தில் நான்கு பேருக்கும் கால் பங்கு. அண்ணனுக்கு? ஒன்றுமில்லை. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு; நாமினி விஷயத்தில் அவர்களுக்கும் இதே பதில்தான்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களைப் பயனுரிமை உள்ள நாமினி, அதாவது பணம் தங்களுக்கே சேர வேண்டியவர்கள், என்று சட்டம் சொல்கிறது. அது எதுவரை செல்லும் என்பதில் நீதிமன்றங்களில் இன்னும் வாதம் நடக்கிறது. அண்ணன், தம்பி, நண்பர் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

பி.எஃப். பணத்தில் இன்னொரு விஷயம். பிரம்மச்சாரியாக இருந்தபோது கொடுத்த நாமினேஷன், குடும்பம் வந்ததும் செல்லாது என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். கல்யாணப் பத்திரிகையை மேனேஜருக்குக் கொடுக்கத் தெரிகிறது, இதைச் செய்யத் தோன்றவில்லை.

2025 நவம்பரிலிருந்து வங்கி டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை கொடுக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சதவீதத்தை உயில் என்று நினைத்துக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. இவ்வளவு சுலபமான காரியத்தை நம் ஊரில் அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

மைனர் சொத்துக்குக் கார்டியனாக இருப்பவர்களும் இதே மயக்கத்தில்தான் இருக்கிறார்கள். அப்பா என்றாலும் அம்மா என்றாலும், மைனரின் தனிப்பட்ட நிலத்தையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8ஆம் பிரிவு. (கூட்டுக் குடும்பச் சொத்துக்கு விதி வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.) பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு மலிவாக வருகிறதென்று வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிள்ளை 18 முடிந்து 3 வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். அதற்குள் நீங்கள் போர் போட்டு, வேலி போட்டு, வீடும் கட்டியிருப்பீர்கள்.

அடுத்தது புதுச்சேரி. உரிமையாளர் பிரான்சில் இருப்பார், வீட்டை இங்கே ஒருவர் பார்த்துக்கொள்வார். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு தனக்கு என்று பார்த்துக்கொள்பவரும் நினைக்கிறார், பயந்துபோய் உரிமையாளரும் நினைக்கிறார். காவலாளியோ வேலையாளோ எத்தனை காலம் இருந்தாலும் அந்த இருப்பால் உரிமை வராது என்று 2012ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் காவலாளிதான் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டாமா? சம்பளத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ஒப்பந்தம் எழுதுங்கள். வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் அவர் பெயருக்கு மாற்ற விடாதீர்கள், தயவுசெய்து.

பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர்களுக்கு ஒரே வரி: சாதாரணப் பவர், அதைக் கொடுத்தவர் இறந்த அன்றே முடிந்தது. பாரிசில் பெரியவர் காலமாகி மாதக்கணக்கு ஆன பிறகு இங்கே அந்தப் பவரில் கிரயம் எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்குத் துணிச்சல் என்றால் வாங்குகிறவருக்கு அதைவிடத் துணிச்சல். பவர் மூலம் வாங்குகிறவர்கள், கொடுத்தவரோடு ஒரு வீடியோ காலாவது பேசிவிடுங்கள்.

பிரெஞ்சுக் காலத்தில் ரெனோன்சான் ஆனவர்களின், அதாவது தங்கள் மரபுச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின், வழிவந்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. நான் சொன்ன சமபங்குக் கணக்கை அவர்கள் தங்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். பழைய நொத்தேர் (நோட்டரி) பத்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கேயே தொழில் செய்யும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மற்றவர்கள், கணவர் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள் எல்லா வங்கிக்கும் எழுத்து மூலம் வாரிசுகள் யார் என்று தெரிவித்துவிடுங்கள். நாமினி பணத்தை எடுத்துவிட்டார் என்றால் உடனே வாருங்கள். உறவு கெட்டுவிடுமே என்று வருடக்கணக்கில் காத்திருந்தால் வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிப் போகும். வரும்போது தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். அது வாரிசு யார் என்று காட்டும் காகிதம். சில இடங்களில் நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்று (சக்சஷன் சர்டிஃபிகேட்) தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதை நான் பார்த்துச் சொல்கிறேன். டெபாசிட் ரசீது, பாஸ்புக் எல்லாம் ஒரிஜினலாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பாதி மடித்து எடுத்த படம் அனுப்பாதீர்கள்.