'சினிக்': நாயிலிருந்து வந்த சொல்

ஒரு நடிகர் வெள்ள நிவாரணத்துக்குப் பணம் கொடுக்கிறார். "அடுத்த மாசம் படம் வருதுல்ல, அதான்" என்று உதட்டைப் பிதுக்குகிறார் ஒருவர். "ரொம்ப சினிக்கலாப் பேசாதீங்க" என்கிறோம். எந்த நல்ல காரியத்துக்குப் பின்னாலும் சுயநலம்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறவர்தான் இன்றைய வழக்கில் சினிக். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இந்தப் பெயரோடு திரிந்த தத்துவக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் குரைத்திருப்பார்கள்.

குரைப்பது என்று சும்மா சொல்லவில்லை. கிரேக்கத்தில் 'கியோன்' என்றால் நாய். 'கினிகோஸ்' என்றால் நாயைப் போன்றவன். லத்தீன் வழியே ஆங்கிலத்துக்குப் போன இடத்தில் ககரம் சகரமாகத் திரிந்து, அப்படியே நம்மிடம் 'சினிக்' என்று வந்து சேர்ந்தது.

பெயர் ஒட்டிய விதத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சாக்ரடீசின் மாணவரும் இந்த மரபின் மூலவராகச் சொல்லப்படுபவருமான ஆன்டிஸ்தனீஸ், நகர மதிலுக்கு வெளியே இருந்த 'கினோசார்ஜஸ்' என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் பாடம் சொன்னவர். அந்த இடப்பெயரிலேயே நாய் இருக்கிறது. இன்னொன்று, சினிக்குகளில் மிகப் பெயர்பெற்ற டயோஜெனிஸ் வாழ்ந்த விதத்தைப் பார்த்து ஊரார் வைத்த வசைப்பெயர். இரண்டாவதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. அரிஸ்டாட்டில் தம் சொல்லணி நூலில் ஓரிடத்தில் பெயரே குறிப்பிடாமல் 'நாய் சொன்னது' என்று ஒரு வாசகத்தைத் தருகிறார். அது டயோஜெனிஸ்தான் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து.

கருங்கடல் கரையிலுள்ள சினோப் டயோஜெனிஸின் ஊர். இன்று துருக்கியில் இருக்கிறது. அப்பா நாணய வணிகர். நாணயத்தின் முத்திரையைச் சிதைத்த விவகாரத்தில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது என்பார்கள். கிரேக்கத்தில் நாணயத்துக்கு 'நோமிஸ்மா', வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் 'நோமோஸ்'. அதனால் 'நாணயத்தைச் சிதை' என்பதே பிறகு சினிக்குகளின் கோட்பாடாகிவிட்டது: ஊரில் செல்லுபடியாகும் மதிப்புகளைச் சுரண்டிப் பார், அடியில் எதுவும் இல்லை. பணம், பதவி, குலப்பெருமை, வெட்கம் எல்லாம் மனிதர் அடித்த முத்திரைகள். இயற்கை கேட்பது மிகக் குறைவு. அந்தக் குறைவோடு வாழப் பழகியவனை யாரும் அடிமைப்படுத்த முடியாது.

பழக்கம் என்பதில் அவர் கறாராக இருந்தார். கோடையில் சுடுமணலில் புரள்வார். குளிர்காலத்தில் பனி மூடிய வெண்கலச் சிலையைக் கட்டிப்பிடித்து நிற்பார். ஏதென்ஸ் சந்தைத் திடலை ஒட்டிக் கிடந்த ஒரு மண்கலத்தில்தான் வாசம். தமிழில் பல இடங்களில் இதைப் 'பீப்பாய்' என்று எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து வந்த வினை. கிரேக்கர் தானியமும் எண்ணெயும் சேமித்த அந்தப் 'பித்தோஸ்' சுட்ட மண்ணால் ஆனது. நம்மிடம் குதிர், தாழி என்று அச்சான சொற்கள் இருக்கும்போது பீப்பாய் எதற்கு?

பகலில் விளக்கோடு அலைந்த கதையிலும் இதுபோல ஒரு சேர்க்கை உண்டு. 'நேர்மையான மனிதனை' அவர் தேடவில்லை. 'மனிதனைத் தேடுகிறேன்' என்றுதான் மூலத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை நமக்குத் தருபவர் டயோஜெனிஸ் லயெர்ட்டியஸ் என்ற வேறொரு நூலாசிரியர், நம் டயோஜெனிஸுக்குச் சுமார் 500 ஆண்டுகள் பிந்தியவர். கைகால் முளைக்கப் போதுமான காலம். 'என்ன வேண்டும், கேள்' என்ற அலெக்சாந்தரிடம் 'வெயிலை மறைக்காதே' என்றதும் அப்படி வளர்ந்ததாக இருக்கலாம். ஏன் உம்மை நாய் என்கிறார்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதாக வரும் பதில் மட்டும் அசல் போலவே ஒலிக்கிறது: கொடுப்பவரிடம் வாலாட்டுகிறேன், கொடாதவரைப் பார்த்துக் குரைக்கிறேன், அயோக்கியரைக் கடிக்கிறேன்.

அவருக்குப் பின் வந்த தீப்ஸ் நகரத்துக் கிராட்டீஸ் பெரும் சொத்தைத் துறந்தவர். வசதியான வீட்டுப் பெண் ஹிப்பார்க்கியா அவரையே மணப்பேன் என்று நின்று, அவரைப் போலவே உடுத்தி, அவரோடு தெருவில் வாழ்ந்தாள். கிராட்டீசிடம் படித்த சீனோதான் ஸ்டோயிக் என்ற தத்துவ மரபைத் தொடங்கினார்.

ஆக, பழைய சினிக் நற்பண்பு ஒன்றையே பெரிதாக நம்பினான்; அதை முன்னிட்டுத்தான் மற்றதையெல்லாம் எள்ளினான். பின்னாளில் எள்ளல் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது, நம்பிக்கை உதிர்ந்தது. ஜெர்மானியர் இதை உணர்ந்து பழையதற்கு 'கினிஸ்முஸ்', புதியதற்கு 'சினிஸ்முஸ்' என்று இரண்டு வடிவம் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் பிரித்துக்கொள்வது நல்லது.

பழையதற்குச் 'சித்தர்' என்று எழுதுவோர் உண்டு. டயோஜெனிஸ், ஒரு பிள்ளை கையால் நீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டு தன் குவளையை வீசிய கதையைப் படிக்கும்போது, பிச்சை ஏற்கும் திருவோட்டை எறிந்த பத்திரகிரியார் நினைவுக்கு வரத்தான் செய்வார். ஆனால் யோகம், சித்தி, மருந்து எதுவும் சினிக்குகளிடம் இல்லை. 'துறவி'யும் பொருந்தாது, துறவி ஊரை விட்டு விலகுவார், இவர்கள் சந்தை நடுவில் உட்கார்ந்து வம்புக்கு இழுப்பார்கள். 'விட்டேற்றி' நல்ல சொல், பற்றறுத்துத் திரிகிறவன் என்ற அளவில் நெருங்கி வருகிறது. ஆனால் இன்று 'விட்டேத்தியா பதில் சொல்றான்' என்றால் அக்கறையில்லாமல் என்றே பொருள்படும். ஆகவே மரபைக் குறிக்க மூல ஒலியோடு 'கினிக்கர்', அவர்கள் கொள்கைக்குக் 'கினிக்கியம்' என்பது என் தேர்வு.

புதிய பொருளுக்கு 'அவநம்பிக்கையாளர்' சரிவராது. நாளை கெட்டதே நடக்கும் என்று அஞ்சுகிறவர் அவர். 'குதர்க்கவாதி' வாதத்தைத் திரிப்பவர். நிவாரணப் பணத்தைப் பார்த்து உதடு பிதுக்கியவர் சந்தேகிப்பது நோக்கத்தை. அவரை 'நல்லெண்ணம் நம்பாதவர்' என்று விரித்தே எழுதலாம். பேச்சில் 'எதுக்கெடுத்தாலும் உள்நோக்கம் கற்பிக்காதீங்க' என்றாலே போதும், சினிக்கல் தேவைப்படாது.