கம்பி முடியும் இடத்தில் என்ன நடக்கிறது?

காங்கேயத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திருவிழாக்களுக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். குழுவின் மூத்தவர் வாசிப்பை நிறுத்தியபோது தன்னுடைய அகாய் எஸ்3000எக்ஸ்எல் சாம்பிளரை இவர் கையில் கொடுத்திருக்கிறார். ஜமாப், உருமி, கொம்பு, பெருஞ்சலங்கை என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த ஒலிகள் எல்லாம் அதில் இருந்தனவாம். உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதும், அதைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார். வெளியே ஒரு சிடி டிரைவும் உண்டு.

"வீட்டுல மேசை மேல வெச்சா எல்லாம் ஒழுங்கா லோடு ஆகுதுங்க. மேடையில சிடி டிரைவைக் கீழ வெச்சு நீளக் கேபிள் போட்டா டிஸ்க்கே இல்லைங்குது. சில நேரம் பாதியில நின்னுக்குது. டெர்மினேட்டர் போடோணும்னு சொல்றாங்க. அது வெறும் ரெசிஸ்டர்தானுங்களே, அதுக்கும் டிஸ்க்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். கேபிளின் முனையில் செருகும் டெர்மினேட்டர் வெறும் ரெசிஸ்டர்தான், அதாவது கரண்டை அளவோடு விடும் தடுப்பு. முப்பது வருடமாக இந்தப் பெட்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். அவற்றில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பும் அந்த ரெசிஸ்டர்தான்.

தெரிந்த கதையை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சாம்பிளர் ஒலியை எண்களாக எழுதி வைத்துக்கொண்டு, விரல் பட்டதும் அந்த எண்களை மறுபடி ஒலியாக்குகிறது. நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 2 பைட். ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 1,76,400 பைட். எஸ்3000எக்ஸ்எல்லின் ராமை (தற்காலிக நினைவகத்தை) முழுதாக நிரப்பினாலும் 32 மெகாபைட். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அதனால்தான் பின்னால் ஒரு டிஸ்க் வேண்டியிருக்கிறது.

அந்த டிஸ்க்கை இணைக்கும் முறைக்கு ஸ்கஸி என்று பெயர். 1986-ல் அமெரிக்காவில் தரநிலையானது. அதே ஆண்டு வந்த மேக்கின்டோஷ் பிளஸ் கம்ப்யூட்டரிலும் இதே இணைப்புதான். ஒரே கேபிளில் 8 கருவிகள் வரை மாட்டலாம். சாம்பிளரும் அந்த எட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு ஐடி எண் தர வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் கேபிளைக் கேட்டால், இரண்டும் 8 டேட்டா கம்பிகளில் தத்தம் எண்ணுக்குரிய கம்பியை இழுத்துப் பிடிக்கும். தன்னைவிடப் பெரிய எண்ணின் கம்பி இழுபட்டிருப்பதைப் பார்த்தால் சின்ன எண் விலகிக்கொள்ளும். சில மைக்ரோ நொடிகளில் தீர்ப்பு ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே எண் வைத்துவிட்டால் இந்த ஏற்பாடே குலைந்துபோகும். நான் சாம்பிளருக்கு 6, உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு 5, சிடி டிரைவுக்கு 4 என்று வைப்பேன். ஜிப் டிரைவ் (டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் பழைய டிரைவ்) வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: வெளியே மாட்டும் ஸ்கஸி ஜிப் 100-ல் 5, 6 என்ற இரண்டே எண்கள்தான் உண்டு. அதற்கு 5-ஐக் கொடுத்துவிட்டு உள் டிஸ்க்கை வேறு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்கள் சரியாக இருந்தும் தம்பியின் சாம்பிளர் மேடையில் மட்டும் தடுமாறுகிறது. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நான் வளர்ந்தது கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில். வயலுக்குப் பிரியும் கொப்பு வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். கடைசியில் ஷட்டர் அடைத்திருக்கும். ஒரு பலகையை வைத்துத் தண்ணீரை ஒரே தள்ளாகத் தள்ளினால் சாண் உயரத்துக்கு அலை ஒன்று கிளம்பிப் போகும். ஷட்டரில் மோதும் இடத்தில் அது இரண்டு சாண் உயரத்துக்கு ஏறும். பிறகு அதே அலை திரும்பி வந்து எங்கள் காலில் இடிக்கும். அது ஏன் அந்த இடத்தில் மட்டும் இரட்டிப்பாக எழுகிறது என்று அன்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ஓடும் அலை இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சுமக்கிறது. ஒன்று உயரம், இன்னொன்று ஓட்டம். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்ற விகிதத்தை வாய்க்காலின் அகலமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. ஷட்டரில் அந்த ஓட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, முன்னால் நகர முடியவில்லை, ஆகவே மேலே ஏறுகிறது. ஏறிய தண்ணீருக்கு வந்த வழிதான் ஒரே வழி.

இப்போது உயரத்தை வோல்டேஜ் என்றும், ஓட்டத்தைக் கரண்ட் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கஸி கேபிளும் ஒரு வாய்க்கால்தான். அதற்கும் அப்படியொரு விகிதம் உண்டு. தட்டையான ரிப்பன் கேபிளுக்குச் சுமார் 100 ஓம். மல்ட்டிமீட்டரை வைத்தால் இது தெரியாது. கேபிள் 1 மீட்டரா 6 மீட்டரா என்பதைப் பொறுத்தும் மாறாது. இதை 1880-களில் தந்திக் கம்பிகளுக்காகக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆலிவர் ஹெவிசைட். சிக்னல் கேபிளில் நானோ நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடுகிறது. 5 மீட்டர் கேபிளின் மறுமுனையை அடைய 25 நானோ நொடி. அந்த 25 நானோ நொடியும், அங்கே என்ன மாட்டியிருக்கிறது என்பது அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றுக்குள் கரண்டைத் தள்ளுவது போலத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

மறுமுனை ஒன்றும் மாட்டாமல் திறந்து கிடந்தால் அது அடைத்த ஷட்டர். கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. முனையில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், வந்த அலை அப்படியே திரும்பும். முனையை ஷார்ட் செய்துவிட்டால் ஷட்டரை முழுதாகத் தூக்கிப் பள்ளத்தில் விழவிட்டது போல. அப்போதும் அலை திரும்பும், மேடாகப் போனது பள்ளமாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஷட்டரை ஓர் அளவுக்குத் தூக்கி வைத்தால், அலை கொண்டுவரும் ஓட்டம் மிச்சமில்லாமல் அந்த இடுக்கு வழியே போய்விடும். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. வாய்க்கால் கடல்வரை நீண்டிருந்தால் எப்படியோ அப்படியே அலை போய்விடும். கேபிளில் அந்த இடுக்கின் பெயர் 100 ஓம் ரெசிஸ்டர். அதுதான் டெர்மினேட்டர்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ரிப்பன் கேபிள் 5 மீட்டர் எடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டின் வழியே ஒரு துடிப்பை 100 ஓம் வைத்து அனுப்பி, அனுப்பும் முனையில், வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பை மாட்டுங்கள். மறுமுனை திறந்திருந்தால் கோடு பாதி உயரம் ஏறி, 50 நானோ நொடி திண்ணை மாதிரி நின்று, பிறகு முழு உயரம் ஏறும். அந்தத் திண்ணையின் நீளம்தான் போய்வந்த நேரம். மறுமுனையில் 500 ஓம் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றை வைத்து ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினால், இரண்டாவது படி இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் காணாமல் போகும். கோடு பாதி உயரத்திலேயே சமமாக நிற்கும். பிரீசெட்டைக் கழற்றி மீட்டரில் அளந்தால் நூறுக்குப் பக்கத்தில் காட்டும். நான் பாடம் எடுத்த நாட்களில் இதைக் காட்டும்போது கடைசி பெஞ்சுப் பையன்களும் எழுந்து வந்து நிற்பார்கள். பூமிக்கடியில் போகும் மின்கேபிள் எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று தோண்டாமல் கண்டுபிடிப்பதும் இதே திண்ணையை அளந்துதான்.

ஆனால் அந்த ஆசிலோஸ்கோப் வருடத்தில் பாதி நாள் பீரோவுக்குள் பூட்டித்தான் கிடந்தது. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். நம் கொங்குப் பகுதியில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடத்துக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கை, மாணவர் தொட்டுத் திருப்பிக் கெடுத்தாலும் பரவாயில்லை என்று கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும். திருப்பிப் பார்க்காத கைக்கு இது புரியாது.

சரி, அலை திரும்பி வந்தால் சாம்பிளருக்கு என்ன? ஸ்கஸியில் ஒவ்வொரு பைட்டும் "அனுப்பட்டுமா", "வாங்கிக்கொண்டேன்" என்று இரண்டு கம்பிகளில் சைகை காட்டித்தான் நகர்கிறது. 0.8 வோல்டுக்குக் கீழே போனால் சைகை உண்டு, 2 வோல்டுக்கு மேலே போனால் இல்லை. திரும்பி வரும் அலை இந்தக் கம்பியை ஒருமுறை ஆட்டிவிட்டால், ஒரு சைகை இரண்டாக எண்ணப்படும். பெரும்பாலும் கணக்கு உதைத்து அங்கேயே நின்றுவிடும். தம்பிக்குப் பாதியில் நிற்பது இதனால்தான். நிற்காமல் தாண்டிவிட்டால் இன்னும் மோசம். 16 பிட் எண்ணுக்கு இரண்டு பைட். ஒன்று நழுவினால் அடுத்து வரும் எல்லா எண்களிலும் மேல் பைட்டின் இடத்தில் கீழ் பைட் போய் உட்காரும். ஒவ்வொரு பைட்டும் தன்னளவில் சரியாக இருப்பதால், ஒவ்வொரு பைட்டிலும் பிட் தவறியிருக்கிறதா என்று பார்க்கும் பாரிட்டி சோதனை ஒன்றும் சொல்லாது. உருமியின் இழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும்.

மேசை மேல் வைத்தபோது ஏன் தப்பித்தது? கேபிள் 30 சென்டிமீட்டர்தான். எதிரொலி போய்வர 3 நானோ நொடி; சிக்னல் ஏறி முடிப்பதற்குள்ளேயே அதோடு கலந்து அடங்கிவிடுகிறது. 5 மீட்டரில் 50 நானோ நொடி கழித்துத் தனி அலையாக வந்து நிற்கிறது.

டெர்மினேட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்தக் கருவிகளால் கம்பியைக் கீழே இழுக்கத்தான் முடியும். விட்டபின் மேலே தூக்குவது டெர்மினேட்டர். பழைய வகையில் ஒவ்வொரு கம்பியும் 220 ஓம் வழியே 5 வோல்டுக்கும், 330 ஓம் வழியே தரைக்கும் போகும். கணக்குப் போட்டால் ஓய்வில் 3 வோல்ட், வரும் அலையின் பார்வைக்கு 132 ஓம். 100-க்கு 132 முழுப் பொருத்தம் இல்லை. அலையில் சுமார் 14 சதவீதம் திரும்பும். ஆக்டிவ் டெர்மினேட்டர் என்பது 2.85 வோல்டும் 110 ஓமும். 5 சதவீதம்கூடத் திரும்பாது. விலை கொஞ்சம் அதிகம் என்றாலும் அதையே வாங்குங்கள்.

அதற்காக எல்லாக் கருவியிலும் டெர்மினேட்டரைப் போட்டுவிடக் கூடாது. ஒரு கம்பியைக் கீழே இழுக்கப் பழைய வகை டெர்மினேட்டர் ஒன்றுக்குச் சுமார் 19 மில்லி ஆம்பியர் வேண்டும். இரண்டுக்கு 38. மூன்று இருந்தால் 57. ஆனால் இழுக்கும் சிப்புக்குத் தரநிலை சொல்லும் அளவு 48 மட்டுமே. ஆகவே இரண்டே இரண்டு, கேபிளின் இரண்டு முனைகளிலும்.

தம்பியின் கோளாறு எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. உள்ளே எஸ்டி அடாப்டர், வெளியே சிடி டிரைவ். அப்படியானால் முனைகள் அந்த இரண்டும்தான். சாம்பிளர் நடுவில் இருக்கிறது. சாம்பிளரில் டெர்மினேட்டர் போட்டிருந்தால் எடுக்க வேண்டும், அடாப்டரில் ஆன் செய்ய வேண்டும், சிடி டிரைவின் இரண்டாவது சாக்கெட்டில் ஒன்றைச் செருக வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டே கேபிளைத் தொடுங்கள். டிரைவை முதலில் ஆன் செய்து பிறகு சாம்பிளர். 25 பின் சாக்கெட் உள்ள கருவி என்றால், கம்ப்யூட்டரின் பழைய பிரிண்டர் சாக்கெட்டும் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் சிப் போய்விடும். சும்மா இருக்கும்போது டேட்டா கம்பியை மீட்டரால் தொட்டுப் பார்த்தால் 2.8-லிருந்து 3 வோல்ட் காட்ட வேண்டும்.

இதே கோளாறுக்கு ரேக்கில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்த குழுவைப் பார்த்திருக்கிறேன். மாரியம்மன் நோன்பில் வாசிக்கும் முன் கருவியைத் தொட்டுக் கும்பிடுவது நானும் செய்வதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் "கண்ணு பட்டிருச்சுங்க" என்று நிறுத்திக்கொண்டதால், அந்தக் குழு மூன்று வருடம் மேடை மேடையாகத் தலைகுனிந்தது. இருபது நிமிட வேலை அது. காரணம் தேடுவதை நிறுத்தச் சொல்லும் எந்த நம்பிக்கையையும் நான் ஏற்கமாட்டேன்.

டிஸ்க் அமைப்புகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடாப்டரில் செக்டர், அதாவது டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் துண்டு, 512 பைட். அகாய் தன் டிஸ்க்கை ஏ, பி, சி என்று 60 மெகாபைட் வரையுள்ள பார்ட்டிஷன்களாகத்தான் பிரிக்கும். ஒன்றில் சுமார் ஆறு நிமிட ஸ்டீரியோ. 32 ஜிபி கார்டு போட்டாலும் அடாப்டரில் டிஸ்க் அளவை 500 மெகாபைட் அளவில் வைத்துக்கொண்டால் சாம்பிளர் நிம்மதியாக இருக்கும். சில அடாப்டர்களில் ஐடி எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். சிலவற்றில் கம்ப்யூட்டரில் மாட்டி அமைக்க வேண்டும். ஃபார்மட் மட்டும் சாம்பிளரின் மெனுவிலிருந்தே போடுங்கள்.

அதற்கு முன் அந்தக் கரகரக்கும் பழைய டிஸ்க். அது இன்னும் சுற்றுகிறது என்றால், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுத்துவிடுங்கள். இன்று அதே ஜமாப் குழு இருக்குமா, அந்தத் தோலை அப்படி இழுத்துக் கட்டித் தர ஆள் இருக்குமா தெரியாது. இதையெல்லாம் சேகரித்து வைக்க ஒரு பல்கலைக்கழகம் நிதி ஒதுக்க வேண்டும்; ஒதுக்கும் வரை அந்த டிஸ்க்தான் ஆவணக் காப்பகம். கம்ப்யூட்டரில் மாட்டியதும், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். அகாயின் எழுத்துமுறை அதற்குத் தெரியாது, காலி டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. வேண்டாம் என்பதை அழுத்துங்கள் தம்பி.