அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

"புது பேட்டரி போட்டேன் தம்பி, உசிர் வந்துடுச்சு. ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லை."

போன வாரம் ஓர் அக்கா என் மேசையில் வைத்தது ஒரு பாம் (Palm) செவன் எக்ஸ், உள்ளங்கையில் வைத்துக் குச்சியால் எழுதும் பழைய மின்னணு நாள்குறிப்பு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். பீரோவைச் சுத்தம் செய்தபோது கிடைத்திருக்கிறது. ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எந்தப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் அவர் இதில்தான் குச்சியால் எழுதி வைப்பார் என்றார். நான் திரையைப் பார்த்தேன். புள்ளியைக் குச்சியால் தொடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று கேட்கும் கேள்வி அது. அந்தத் திரையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே எல்லாம் துடைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சொன்னேன். அக்கா உடனே, "அது வயர்லெஸ் ஆச்சே தம்பி, எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போயிருக்குமே?" என்றார். இதோடு சேர்க்கும் பழைய கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். போன மாதம்தான் டவுன்ஷிப்பின் மின்கழிவு வண்டியில் ஏற்றி அனுப்பினார்களாம்.

நியூஜெர்சியில் டேட்டா மீட்புத் தொழில் செய்கிறேன். இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது பாம். நான்கு பேரும் அதே "இன்டர்நெட்டுக்குப் போயிருக்குமே" வாக்கியத்தைச் சொன்னார்கள், மூன்று பேர் கம்ப்யூட்டரை ஏற்கெனவே தொலைத்திருந்தார்கள். இனியாவது யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பாம் செவன் வைத்திருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1999 மே மாதம் முதலில் எங்கள் நியூயார்க் வட்டாரத்தில்தான் வந்தது, விலை 599 டாலர். ஓரத்தில் படுத்திருக்கும் ஆன்டெனாவை நிமிர்த்தினால் மெஷின் தானே விழித்துக்கொள்ளும். காலை பஸ்ஸில் மன்ஹாட்டன் போகும்போது ஒருவர் அதை நிமிர்த்திப் பங்கு விலை பார்ப்பார், பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்ப்பார். ஒய்டூகே என்ற 2000-ஆம் வருடக் கம்ப்யூட்டர் கோளாறைச் சரிசெய்யும் வேலைக்கு வந்த நம் பையன்கள் சிலர் முதல் சம்பளத்தில் வாங்கியது எனக்குத் தெரியும். சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும். திரும்பி வந்ததும் அது மறுபடி தேடித் தேடி பேட்டரியைக் குடிக்கும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். தெருவில் நின்றபடி கையளவு திரையில் வானிலை படிப்பது அன்றைக்கு அதிசயம்.

அந்த அதிசயம்தான் இன்றைக்கு என் தலைவலி. ஏனென்றால் "வயர்லெஸ்" என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் வைத்து அன்றைய பொருளைப் பார்க்கிறார்கள். இன்று உங்கள் போனில் ஒரு நம்பரைச் சேமித்தால் உங்களைக் கேட்காமலே அது எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. போன் ஆற்றில் விழுந்தாலும் புதுப் போனில் நம்பர்கள் வந்துவிடும். ஆகவே பாம் செவனும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. இல்லவே இல்லை. அதன் ரேடியோ பயன்படுத்திய மொபிடெக்ஸ் என்ற வலையின் வேகம் நொடிக்கு 8 கிலோபிட். மாதம் 9.99 டாலர் கட்டினால் 50 கிலோபைட் கிடைக்கும், 24.99 கட்டினால் 150. கிலோபைட்தான், மெகாபைட் என்று தப்பாகப் படிக்காதீர்கள். உங்கள் மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோகூட அந்த 50-க்குள் அடங்காது.

இந்தக் கஞ்சத்தனத்தில் உங்கள் முகவரிப் புத்தகத்தை ராத்திரி ராத்திரி மேலே அனுப்பி யார் பத்திரப்படுத்துவார்கள்? அதில் நடந்ததெல்லாம் கேள்வியும் பதிலும்தான். ஊர்ப் பெயரைப் போட்டு வானிலை கேட்பீர்கள், நறுக்கிய நாலு வரி பதில் வரும். பாம் டாட் நெட் என்ற அதன் சொந்தச் சேவையின் கணக்கில் சின்னச் சின்ன மெயில் போய் வரும். உங்கள் மெமோ, நாள்குறிப்பு, முகவரி எதுவும் அந்த ஆன்டெனா வழியாகப் பின்காப்புக்கு ஏறியதே இல்லை. அப்புறம் அந்த பாம் டாட் நெட் சேவையையே 2004 ஆகஸ்ட் 31-உடன் மூடிவிட்டார்கள். "பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு, லாகின் பண்ணிப் பாருங்களேன்" என்று ஒரு பெரியவர் என்னிடம் காகிதத் துண்டை நீட்டினார். லாகின் பண்ண ஒரு கதவு வேண்டுமே ஐயா!

சரி, மேலே போகவில்லை. மெஷினுக்குள்ளேயே இருக்குமே? அடுத்த வாதம் இது. "அழித்த ஃபைலையே போலீஸ் எடுக்கிறார்கள், நீங்கள் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டவரும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கிலும் மெமரி கார்டிலும் எழுதினால், கரன்ட் போனாலும் எழுத்து நிற்கும். போலீஸ் எடுப்பது அதிலிருந்து. பாம் செவனில் நீங்கள் எழுதியது எல்லாம் இருந்த இடம் ரேம், முதல் மாடலில் 2 மெகாபைட், எக்ஸில் 8. ரேம் என்பது அடியில் ஓட்டை உள்ள குடங்களின் வரிசை. நீர் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். ஒழுக ஒழுக யாராவது நொடிக்குப் பல முறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள்தான் உங்கள் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி. நீங்கள் ஆஃப் செய்து மேசையில் வைத்திருந்தபோதும் அவர் நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். அவர் களைத்து விழுந்த பிறகு எல்லாக் குடமும் வற்றிவிடும். புது ஆளைக் கூட்டி வந்தால் அவருக்கு எந்தக் குடத்தில் நீர் இருந்தது என்று எப்படித் தெரியும்? மெஷின் விழிப்பது ரோம் என்ற அழியாத நினைவகத்தில் பதித்த ஆபரேட்டிங் சிஸ்டத்தால். அதனால்தான் "உசிர் வந்துடுச்சு" என்று ஏமாறுகிறீர்கள்.

இங்கே ஒன்று. பாம் செவனுக்குள் பிரிக்க முடியாதபடி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியும் உண்டு. "அது காப்பாற்றியிருக்குமே" என்பார்கள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள். அது ரேடியோவுக்கு. சிக்னல் அனுப்ப ஒரே வீச்சில் நிறைய மின்சாரம் வேண்டும், டிரிபிள் ஏ-யால் அதைத் தர முடியாது. ஆகவே டிரிபிள் ஏ-யிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி அதை நிரப்பி வைத்தார்கள். நினைவகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, "ஒரு பேட்டரியை மாற்றி, அப்புறம் இன்னொன்றை மாற்றினால் டேட்டா போகாது" என்று அப்போதே ஒரு வைத்தியம் உலாவியது. இரண்டும் தொடரில் இருப்பவை, ஒன்றைக் கழற்றினாலே சுற்று அறுந்துவிடும். காப்பாற்றியது கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளே இருந்த சின்ன கபாசிட்டர். அதுவும் ஒரு நிமிடம் போல.

அக்காவிடம் நான் சொன்னதும் அதுதான். நீங்கள் பேட்டரி போட்டதால் ஒன்றும் கெடவில்லை. அது பல வருடங்களுக்கு முன்பே, பீரோவுக்குள் இருட்டில், யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் டேட்டா செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மெஷினில் செத்துவிட்டது என்கிறேன். கம்ப்யூட்டரோடு வயரில் இணைந்த தொட்டிலில் பாமை வைத்து அந்த ஒற்றைப் பொத்தானை அமுக்குவீர்களே, ஹாட்சிங்க், ஞாபகம் இருக்கிறதா? அமுக்கிய ஒவ்வொரு முறையும் முகவரி, நாள்குறிப்பு, மெமோ எல்லாம் மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் போனது. விண்டோஸ் என்றால் பெரும்பாலும் சி டிரைவில் "பாம்" என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயரைச் சுருக்கி ஒரு ஃபோல்டர், அதற்குள் அட்ரஸ், டேட்புக், மெமோபேட், டூடூ, பேக்கப். நீங்கள் பொக்கிஷம் என்று துணியில் சுற்றி வைத்த பாம் வெறும் டப்பா. அட்டைப்பெட்டியில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பழுப்பு நிறக் கம்ப்யூட்டர்தான் பொக்கிஷம்.

ஓய்வு பெற்ற விற்பனைப் பிரதிநிதி ஒருவர், அமெரிக்கர், அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மதர்போர்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அடாப்டரில் மாட்டினேன், இருபது நிமிடத்தில் மெமோ ஃபைல் கைக்கு வந்தது. அதைத் திறக்கப் பெரிய வித்தை வேண்டாம், சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் போட்டாலே குப்பை எழுத்துகளுக்கு நடுவே வாக்கியங்கள் படிக்கக் கிடைக்கும். இறந்துபோன தம்பியின் பழைய ஃபோன் நம்பரைப் பார்த்து மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

ஆகவே, தயவுசெய்து. வீட்டில் பாம் கிடைத்தால் முதலில் கம்ப்யூட்டரைத் தேடுங்கள். கிடைத்தால் உற்சாகத்தில் தொட்டிலில் வைத்துப் பொத்தானை அமுக்காதீர்கள். காலியான மெஷின், நிரம்பிய கம்ப்யூட்டர், இரண்டையும் சேர்க்கும்போது எது எதை மேலெழுதும் என்பது ஒரு செட்டிங்கைப் பொறுத்தது. எப்போதோ யாரோ அதை மாற்றி வைத்திருந்தால் இருந்த ஒரே நகலும் போச்சு. அந்த "பாம்" ஃபோல்டரை முழுசாக இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்யுங்கள், அல்லது யாருக்காவது.

பேட்டரி அறையில் வெள்ளையாக, நீலமாகப் பூத்திருந்தால் கையுறை போடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். சோடா உப்பைத் தேய்க்காதீர்கள், அது கார் பேட்டரி அமிலத்துக்கான மருந்து. பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு, அப்புறம் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். 2002-இல் வந்த ஐ705 என்ற பாம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. முதுகு உப்பியிருந்தால் சார்ஜர் பக்கமே போக வேண்டாம், அப்படியே மறுசுழற்சியில் கொடுத்துவிடுங்கள். நிக்கல் காட்மியத்தையும் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது, காட்மியம் விஷம். (பாமிலேயே 2004 கடைசியில் வந்த டி5, டிரியோ 650 போன்றவை கரன்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும். அவை கிடைத்தால் மெஷினைத் தாராளமாக எடுத்து வாருங்கள்.)

கம்ப்யூட்டரைக் கட்டாயம் போட்டே ஆக வேண்டுமா? ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், நாலு திருகாணி. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மெமோவில் "பிரைவேட்" என்று மறைத்து வைத்தீர்களே, அது பூட்டு இல்லை, திரைச்சீலை. மெஷினில் காட்டாதே என்று ஒரு குறி, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலில் அது பச்சையாக இருக்கும். வங்கி பின் நம்பர், சோஷியல் செக்யூரிட்டி எண், மாமியாருக்குத் தெரியக் கூடாத நகை லோன், எல்லாம் நான் பார்த்தாயிற்று. மின்கழிவு வண்டியில் நீங்கள் ஏற்றி அனுப்பியது அதைத்தான்.

அக்கா நேற்று ஃபோன் செய்தார். பீரோவின் அடித்தட்டில், பாம் இருந்த அதே டப்பாவுக்குக் கீழே, கம்ப்யூட்டர் ஃபைல்களை நகல் எடுத்து வைக்கும் ஒரு நீல ஜிப் டிஸ்க் கிடைத்ததாம், லேபிளில் கணவர் கையெழுத்தில் "பாம், 2001" என்று. என்னிடம் ஒரு ஜிப் டிரைவ் இருக்கிறது, தொட்டுப் பல வருடம் ஆகிறது. படிக்கும் தலை கெட்ட ஜிப் டிரைவ் டிக் டிக் என்று அடித்து, உள்ளே போட்ட டிஸ்க்கையும் சேர்த்துக் கொல்லும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பயம். அதனால் முதலில் என்னுடைய உதவாத டிஸ்க் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதுவரை எதிலும் போட்டுப் பார்க்காமல், ஸ்பீக்கர் பக்கம் வைக்காமல், ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார்.